நடைப்பிணங்களின் நடை

அச்சம் என்பது உயிர்கட்கெல்லாம் பொதுவாயதோர் உணர்ச்சி. பசியும் உறக்கமும் போல அதுவும் உயிரோடு உடன் தோன்றியதே. ஆயினும், அஞ்சத்தக்கதொன்றைப் பொருள் கொடுத்துத் தேடிச் சென்று, இருண்ட அரங்கின்கண் அமர்ந்து கண்டு நடுங்கி, பின் நகைத்துக்கொண்டே வீடு திரும்புவது மக்களுயிர் ஒன்றே. இவ்வியப்பிற்கு இற்றைநாள் திகிற்படங்கள் தக்க சான்றாவன. அவற்றுள், மாண்டார் எழுந்து வந்து வாழ்வாரைப் பற்றும் கதைகள் 1932-ஆம் ஆண்டு முதலாகப் பல நாடுகளினும் வெளிவந்து கொண்டிருக்கின்றன. அவ்வாறு எழுந்து வருவனவற்றை மேனாட்டார் ‘ஜாம்பி’ என வழங்குவர். நம் மொழியில் ‘நடைப்பிணம்’ என்றொரு சொல் முன்னரே உளது. உயிரிருந்தும் ஊக்கமின்றித் திரிவானை இகழ்தற்கு நாம் ஆளும் அச்சொல், இவற்றிற்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துதலின், இக்கட்டுரையில் அதனையே ஆள்வாம்.

இப்படங்களைக் காண்பாரிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்றுண்டு. காலை இழுத்துத் தள்ளாடி மெல்ல வரும் நடைப்பிணம் மிகுந்த அச்சம் தருவதா? அன்றி, வேட்டைநாய் போலப் பாய்ந்தோடி வருவது மிகுந்த அச்சம் தருவதா? நம் விடுதியில் இரவுணவிற்குப் பின் நிகழும் சொற்போர்களுள்ளும் இது பன்முறை இடம்பெற்றதுண்டு. ஆங்கு இருதிறத்தாரும் தத்தமக்குப் பிடித்த படத்தின் பெயரை உரக்கக் கூறுவரேயன்றி, அச்சம் எவ்வாறு பிறக்கின்றது என்பதனை ஆராய்வார் இலர். இஃது ஓய்வுநேர விளையாட்டு என்று சிலர் கருதவுங் கூடும். யாம் அவ்வாறு கருதுகிலேம். எதனைக் கண்டு அஞ்சுகின்றோம் என்று அறிதல் நம்மை நாமே அறிதற்கு ஒரு வழியன்றோ? ஆகலின், நடைப்பிணம் தோன்றிய வரலாற்றையும், அதன் நடை மாறிய காரணத்தையும், படமெடுப்போர் அச்சத்தை விளைக்கும் வகையையும் முறையே கூறி, இறுதியில் எம் முடிபினை உரைப்பாம்.

நடைப்பிணக் கதையின் பிறப்பிடம் கரிபியக் கடலிலுள்ள ஹெயிட்டி நாடாகும். அந்நாடு பிரஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது, ஆப்பிரிக்காவினின்றும் கவர்ந்து கொணரப்பட்ட மக்கள் ஆங்குக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்றனர். 1791-ஆம் ஆண்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்து போர் புரிந்து, 1804-ஆம் ஆண்டில் தம் நாட்டை விடுதலை நாடாக்கினர். அடிமைக்கு இறப்பொன்றே விடுதலை. இறந்தபின் உயிர் தன் முன்னோர் நாடாகிய ஆப்பிரிக்காவிற்கு மீளும் என்பது அவர்களுட் பலர்தம் நம்பிக்கை. அவ்விடுதலையும் பறிக்கப்படுமாயின் என்னாம்? சூனியக்காரன் ஒருவன் பிணத்தைக் குழியினின்றும் எழுப்பி, அதன் அறிவையும் விருப்பையும் கவர்ந்துகொண்டு, என்றும் ஓயாது வயலில் உழைக்கச் செய்வானாயின், அதனினும் கொடுமை பிறிதுண்டோ? இதுவே அக்கதையின் உட்கிடை. ஆங்கு மக்கள் அஞ்சியது நடைப்பிணத்தின் பல்லுக்கும் நகத்திற்கும் அன்று. தாமும் ஒருநாள் நடைப்பிணமாய்விட நேருமோ என்பதற்கே அஞ்சினர்.

1915 முதல் 1934 வரை அமெரிக்க ஐக்கிய நாட்டுப் படைகள் ஹெயிட்டியைத் தம் வயத்தில் வைத்திருந்தன. அக்காலத்தே ஆங்குச் சென்று தங்கிய வில்லியம் சீபுரூக் என்பார் 1929-ஆம் ஆண்டில் ‘மாயத்தீவு’ என்று பொருள்படும் பெயரால் நூலொன்று வெளியிட்டார். அந்நூலின் வழியே இக்கதை அமெரிக்கர் பலர்தம் செவிக்கு எட்டியது. மூன்றாண்டு கழித்து, 1932-இல், விக்டர் ஹால்பெரின் இயக்கிய ‘ஒயிட் ஜாம்பி’ என்னும் படம் வெளிவந்தது. பெலா லுகோசி அதன்கண் சூனியக்காரனாக நடித்தார். அப்படத்தில் கரும்பாலைக் காட்சி ஒன்றுண்டு. நடைப்பிணங்கள் வரிசை வரிசையாக வந்து கரும்பைக் கொட்டுகின்றன. சில, சுழலும் மரச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகின்றன. அவற்றுள் ஒன்று கால் தவறி ஆலைக்குள் வீழ்கின்றது. ஏனையவை திரும்பியும் பார்த்தில. மரச்சக்கரத்தின் முனகலொலி மட்டும் முன்போலவே கேட்கின்றது. அவற்றின் மெல்லிய நடைக்குக் காரணம் உடற்சோர்வு அன்று. விரைதற்குரிய விருப்பம் அவற்றின்பால் இல்லை என்பதே. ஆகவே, மெல்ல நடத்தல் என்பது பின்னாளில் எவரோ படைத்துக்கொண்ட நடிப்பு வகை அன்றென்பதும், அக்கதையின் கருவிலேயே அமைந்தது என்பதும் தெளிவாம்.

1943-ஆம் ஆண்டில் ஜாக் தூர்னர் இயக்கிய ‘ஐ வாக்டு வித் எ ஜாம்பி’ என்னும் படத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். அதன்கண் இரவில் இரு பெண்கள் கரும்புக் காட்டினூடே நடந்து செல்கின்றனர். வழியில், நெடிதுயர்ந்த ஒருவன் இமையாத விழியோடு அசைவற்று நிற்கின்றான். அவன் அவர்களைத் தாக்கவில்லை, துரத்தவுமில்லை. காற்றில் கரும்புத் தோகைகள் சலசலக்கின்றன, அவ்வளவே. காண்பார்க்கோ மெய் சிலிர்க்கின்றது. விரைவு சிறிதும் இன்றியே அச்சம் நிறைதல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, நாம் இன்று அறியும் நடைப்பிணத்தை ஆக்கியவர் ஜார்ஜ் ரொமீரோ என்பவராவர். 1968-ஆம் ஆண்டில் அவர் பென்சில்வேனியா மாநிலத்தின் சிற்றூர்ப்புறத்தில், ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்னும் படத்தை எடுத்தார். ரிச்சர்டு மாதீசன் 1954-இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்னும் புதினம் தமக்குத் தூண்டுதலாயிற்று என அவரே கூறியுள்ளார். வியப்பு யாதெனின், அப்படத்தில் ‘ஜாம்பி’ என்ற சொல் ஓரிடத்தும் வாராது. பழங்கதையினின்றும் அவர் செய்த மாற்றங்கள் மூன்று. ஒன்று, பிணங்களை ஏவும் சூனியக்காரன் இலன். இரண்டு, அவை மனிதத் தசையைத் தின்பன. மூன்று, மாள்வார் எல்லாரும் அவற்றோடு சேர்தலின் அவை நாளும் பெருகுவன. ஆயினும் மெல்ல நடக்கும் நடையை அவர் பெரும்பாலும் விட்டிலர். பெரும்பாலும் என்றது என்னை எனின், அப்படத்தின் தொடக்கத்தே இடுகாட்டில் தோன்றும் முதற் பிணம் ஓரளவு விரைந்து துரத்துகின்றது. கல்லொன்றை எடுத்து வண்டியின் கண்ணாடியையும் உடைக்கின்றது. மெல்ல நடத்தல் நடைப்பிணத்திற்கு மீறலாகாத விதி என வாதிடுவோர் இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஓடும் நடைப்பிணங்கள் திடீரெனத் தோன்றினவல்ல. 1980-இல் இத்தாலியரான உம்பர்ட்டோ லென்சி இயக்கிய ‘நைட்மேர் சிட்டி’ படத்திலும், 1985-இல் டான் ஓபனன் இயக்கிய ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலும் அவை ஓடின. பிற்கூறியதில் பேசவும் செய்தன. ஆயினும் 2002-ஆம் ஆண்டில் டேனி பாயில் இயக்கிய ‘28 டேஸ் லேட்டர்’ வந்தபின்னரே விரைவு ஒரு புது மரபாக நிலைத்தது. அதன்கண் வருவோர் மாண்டவரல்லர். வெறியூட்டும் நோய்நுண்மத்தால் பற்றப்பட்டவர். நோயுற்றான் குருதி ஒரு துளி பட்டால், சில நொடிகளில் மனிதன் வெறிகொண்ட விலங்காவான். 2004-இல் ஜாக் சினைடர், ரொமீரோவின் 1978-ஆம் ஆண்டுப் படமாகிய ‘டான் ஆஃப் தி டெட்’ என்பதை மீண்டும் எடுத்தபோது, மாண்டு எழுந்த பிணங்களையே ஓடவிட்டார். மேக்ஸ் புரூக்ஸ் 2006-இல் எழுதிய ‘வேர்ல்டு வார் இசட்’ என்னும் நூலில் மெல்ல நடந்த பிணங்கள், 2013-இல் அது படமானபோது எறும்புத்திரள் போல ஒன்றன்மேல் ஒன்றேறி எருசலேமின் பெருமதிலைத் தாண்டின. 2016-இல் தென்கொரியரான யான் சாங்-ஹோ இயக்கிய ‘டிரெயின் டு பூசான்’ படத்தில் அவை விரைவு இரயிலின் பெட்டி தோறும் பாய்ந்தன.

நோயுற்றார் மாண்டவரல்லரே, அவரை நடைப்பிணம் எனல் பொருந்துமோ எனச் சிலர் வினவுவர். சொல்லளவில் அவ்வினா முறையானதே. ஆயினும், முகம் நம் உறவினர் முகமாயிருக்க, உள்ளிருந்த ஆள் போய்விட்டான் என்பதே இருவகைக்கும் பொதுவாய அச்சம். ஆதலின் ஈண்டு இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்தலில் இழுக்கில்லை.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியில் துணையாவது ஒன்றுண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களை நான்காக வகுத்துள்ளது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்காவது காரணம் அறியவொண்ணாது வருத்தும் ஆற்றல். விலங்காவது பாய்ந்து கொல்லும் கொடுவிலங்கு. கள்வர் என்பார் நம்மைப்போன்ற மக்களாயிருந்தே நமக்குத் தீங்கு செய்வோர். இறையாவான் நம்மை ஆளும் உரிமையுடையோன். இந்நான்கனையும் நடைப்பிணப் படங்களோடு பொருத்திப் பார்ப்பின் வழக்கின் சிக்கல் தானே அவிழ்கின்றது. ஹெயிட்டிக் கதையில் சூனியக்காரன் பால் எழும் அச்சம் இறைவயின் எழும் அச்சமேயாம். மெல்ல வரும் பிணம் அணங்கின்பாற்படும். ஓடிவரும் நோயாளன் விலங்கின்பாற்படுவன். 2016-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய தமிழ்ப்படத்திற்கு மிருகம், மனிதன் என்னும் இரு சொல்லையும் இணைத்து ‘மிருதன்’ எனப் பெயரிட்டதும் இக்கருத்தையே காட்டுகின்றது. கள்வர் யார் என்பதைப் பின்னர்க் காண்பாம்.

எனவே, வேகமும் மந்தமும் ஒரே அச்சத்தின் மிகுதி குறைவுகள் அல்ல, இருவேறு அச்சங்கள். அவற்றை விளைக்கும் முறையும் வேறு. படக்கலையில் பெயர்பெற்ற ஆல்பிரட் ஹிட்ச்காக் என்பார் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் மேசையருகே அமர்ந்து உரையாடுகின்றனர். மேசையின் அடியில் வெடிகுண்டு உளது. காண்பார் அதனை அறியாராயின், அது வெடிக்கும்போது பதினைந்து நொடித் திடுக்கீடு உண்டாம். முன்னரே அறிவாராயின், அவ்வுரையாடல் முழுதும், பதினைந்து நிமிடம், உள்ளம் பதைக்கும். ஓடும் பிணம் முன்னதற்கும், நடக்கும் பிணம் பின்னதற்கும் ஏற்ற கருவியாதல் வெளிப்படை.

இதற்கேற்பவே படமெடுக்கும் முறையும் அமைகின்றது. மெல்ல நடக்கும் பிணத்தைக் காட்டுவோர் காமிராவை அசையாது நிறுத்தி, அகன்ற வெளியைக் காட்டுவர். தொலைவில் ஓர் உருவம் அசைகின்றது, முன்னிற்பவன் அதனைக் காணவில்லை, நாம் காண்கின்றோம். சட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் நம் கண் தானே தேடி அலைகின்றது. ‘28 டேஸ் லேட்டர்’ படத்திலோ, சிறிய டிஜிட்டல் காமிராவைக் கையிற்கொண்டு, ஒவ்வொரு படச்சட்டத்திலும் ஒளி மிகச் சிறிது நேரமே விழுமாறு செய்தனர். அதனால் ஓடுவோரின் அசைவு இழைந்து செல்லாது வெட்டி வெட்டித் தெறித்தது. காண்பான் எதனையும் தெளியக் காணுமுன் காட்சி முடிந்துவிடும். முன்னது காண்பானைக் காவலனாக்குகின்றது. பின்னது அவனை இரையாக்குகின்றது.

விரைவின் சார்பாகக் கூறத்தக்கவற்றை முதற்கண் நடுவுநிலையோடு கூறுவாம். பாய்ந்து வருவதைக் கண்டால் உடல் அறிவைக் கேளாமலே அஞ்சுகின்றது, நெஞ்சு துடிக்கின்றது, கை நாற்காலியைப் பற்றுகின்றது. அதனை எவரும் நகைத்துத் தள்ள இயலாது. மெல்ல வருவதற்கோ நகைப்பிற்கிடமாகும் குறையுண்டு. ஒதுங்கி நடந்தால் தப்பலாமே என்ற எண்ணம் ஒருமுறை தோன்றிவிடின் அச்சம் கலைந்துவிடும். எட்கர் ரைட் 2004-இல் இயக்கிய ‘ஷான் ஆஃப் தி டெட்’ என்னும் நகைச்சுவைப் படம் இதனையே பொருளாகக் கொண்டது. மேலும், 2004-ஆம் ஆண்டு ‘டான் ஆஃப் தி டெட்’ படத்தின் தொடக்கத்தில், பணி முடிந்து வீடு வந்து உறங்கிய செவிலிப்பெண் ஒருத்தி விடியலில் விழிக்கின்றாள். அண்டை வீட்டுச் சிறுமி அவள் கணவனைக் கடிக்கின்றாள். அவன் மாண்டு, உடனே எழுந்து அவள்மேற் பாய்கின்றான். ஓர் இரவில் உலகம் கவிழ்ந்துவிட்டது என்ற உணர்வை அக்காட்சி சில நிமிடங்களில் தந்துவிடுகின்றது. மெல்ல நடக்கும் பிணத்தால் அது கூடுமோ என்பது ஐயமே.

மந்தத்தின் சார்பாக வாதிட்டோருள் முதல்வர் ரொமீரோ. மாண்டவை விரைந்து ஓடினால் கணுக்கால் முறிந்துவிடும் என்னும் கேலி அவர் 2007-இல் எடுத்த ‘டைரி ஆஃப் தி டெட்’ படத்தில் இடம்பெற்றுள்ளது. ஆயின், இயற்கை நூலைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முயல்வது வீண். மாண்ட உடல் சில மணி நேரத்தில் விறைக்கும். ஓரிரு நாள் கழித்து மீண்டும் தளரும். குருதியோட்டம் நின்றபின் அவ்வுடல் ஓடுவதும் இயலாது, நடப்பதும் இயலாது. இரண்டும் பொய்யாயிருக்க, எப்பொய் உண்மைக்கு அணித்து எனக் கேட்பதில் பயனென்னை? இதனினும் வலிய வாதத்தைக் கூறியவர் ‘ஷான் ஆஃப் தி டெட்’ படத்தில் நடித்த சைமன் பெக் என்பார். 2008-இல் ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றில் எழுதிய கட்டுரையில், நடைப்பிணம் சாவின் உருவகம் என்றும், சாவு மெல்ல ஆயினும் தவறாது வருவது என்றும், அதனை ஓடவிடின் அவ்வுருவகம் சிதையும் என்றும் அவர் வாதிட்டார்.

இவ்வாதத்தை யாம் பெரிதும் உடன்படுகின்றேம். ஆயினும் அது முழுமையுடையதன்று எனக் கருதுகின்றேம். சாவின் நடையை மட்டும் நோக்கினால் போதாது. அந்நடை வாழ்வார்க்கு எவ்வளவு பொழுதை விட்டுவைக்கின்றது என்பதையும், அப்பொழுதில் அவர் யாது செய்கின்றார் என்பதையும் நோக்கல் வேண்டும். இரண்டு பிரிவுகளை ஒப்பிட்டுக் காண்பாம்.

‘28 டேஸ் லேட்டர்’ படத்தில் ஃபிராங்க் என்னும் தந்தை, வெறுத்துக் காலால் கம்பத்தை உதைத்தபோது, மேலே கிடந்த பிணத்தினின்றும் குருதித் துளி ஒன்று அவன் கண்ணில் வீழ்கின்றது. எஞ்சியவை சில நொடிகளே. தன்பால் அன்புண்டெனத் தன் மகளிடம் கூறுகின்றான். அவள் அணுகவே, அணுகாதே என்று தள்ளுகின்றான். அதற்குள் வெறி பற்றிவிடுகின்றது. காண்பார் நெஞ்சு ஒருகணம் நின்று போகும். 1978-ஆம் ஆண்டு ‘டான் ஆஃப் தி டெட்’ படத்திலோ, ரோஜர் என்பான் கடியுண்டபின் பல நாள் கிடந்து நலிகின்றான். தான் மாண்டால் மீண்டு வாராதிருக்க முயல்வதாகத் தன் நண்பன் பீட்டரிடம் கூறுகின்றான். பின் மாள்கின்றான். பீட்டர் கையிற் றுப்பாக்கியோடு எதிரே அமர்ந்து, போர்த்திய துணியையே நோக்கியிருக்கின்றான். துணி மெல்ல அசைகின்றது. முன்னைக் காட்சியில் தந்தைக்கும் மகளுக்கும் இடையே நின்றது விதி ஒன்றே. அவர்கள் செய்யக்கூடியது யாதும் இல்லை. பின்னைக் காட்சியிலோ பீட்டருக்குச் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. அதனைத் தான் செய்தாகவேண்டும் என்பதையும் அவன் பல நாளாக அறிவான். இரண்டும் துயரே, ஆயின் பின்னதில் துயரோடு பொறுப்பும் கலந்திருக்கின்றது. மெல்ல வரும் நடைப்பிணத்தின் தனியாற்றல் இதுவே.

1968-ஆம் ஆண்டுப் படத்தை மீண்டும் நினைவுகூர்வாம். ஒரு பண்ணை வீட்டில் எழுவர் அகப்பட்டிருக்கின்றனர். வெளியே நிற்கும் பிணங்களோ மெலிந்தவை, மந்தமானவை, அறிவற்றவை. ஒன்றுபட்டு நின்றிருப்பின் அவ்வெழுவரும் பிழைத்திருத்தல் கூடும். ஆனால், நிலவறையில் ஒளிவதா, மேல்தளத்தில் நின்று காப்பதா என்பதிலேயே பூசல் மூள்கின்றது. ஒருவன் மற்றொருவனைக் கதவுக்கு வெளியே விட்டுத் தாழிடுகின்றான். எண்ணெய் தீப்பற்றி இருவர் மாள்கின்றனர். தாய், தன் மகளாலேயே கொல்லப்படுகின்றாள். இரவெல்லாம் தாங்கி நின்று எஞ்சிய பென் என்னும் கறுப்பினத்தவனையோ, விடிந்தபின் காக்க வந்த வாழ்வாரே பிணமெனக் கருதிச் சுட்டு வீழ்த்துகின்றனர். ஓடும் பிணங்களாயிருப்பின் நாம் அப்பிணங்களையே நொந்து அமைவோம். அவை மெல்ல வந்தமையால், குற்றம் வீட்டினுள் இருந்தது என்பதனை மறைக்க வழியில்லை. மெய்ப்பாட்டியல் கூறும் மூன்றாம் அச்சக்களனாகிய கள்வர் யார் என்பது இப்பொழுது விளங்கும். அவர் கதவுக்கு இப்பால் இருப்போரே.

அற்றேல், ஓடும் பிணங்களைக் கொண்ட நல்ல படங்களில் இவ்வாழம் இல்லையோ எனின், உண்டு. ஆயின் அஃது எங்ஙனம் வருகின்றது என்பதே நோக்கற்பாலது. ‘டிரெயின் டு பூசான்’ படத்தில் பிணங்கள் விரைந்து பாய்வன. ஆனால் பெட்டியின் கதவைத் திறக்க அறியா. இருளிற் கண் காணா. இவ்விரு குறைகளையும் அமைத்ததனால் கதையில் பொழுது பிறக்கின்றது. அப்பொழுதில் யாது நிகழ்கின்றது? பல பெட்டிகளைக் கடந்து உயிர் பிழைத்து வந்தோரை, அடுத்த பெட்டியில் பத்திரமாயிருந்தோர் உள்ளே விடாது கதவை அடைத்துப் பற்றிக்கொள்கின்றனர். பின்னர், தன் தமக்கை பிணமாகிக் கண்ணாடிக்கு அப்பால் நிற்பதைக் கண்ட முதியவள் ஒருத்தி, அக்கதவடைத்தோரின் நெஞ்சக் கொடுமையையும் நினைந்து, தானே கதவைத் திறந்துவிடுகின்றாள். அப்படத்தில் நம் நினைவில் நெடுநாள் நிற்பது ஓட்டமன்று, அடைத்த அக்கதவே. ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் பிற்பகுதியும் அத்தகையதே. ஆங்குப் பேரச்சம் தருவோர், அடைக்கலம் தருவதாகக் கூறி அழைத்துப் பெண்டிர்க்குத் தீங்கிழைக்க முனையும் படைவீரரே. ‘வேர்ல்டு வார் இசட்’ படத்திலோ எடுத்த இறுதிப் பகுதியை விடுத்துப் புதிதாக மற்றொன்றை எடுத்துச் சேர்த்தனர். மதிலைத் தாண்டிய அப்பெருவெள்ளம் கண்ட நாம், முடிவில் வேல்ஸ் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றின் தாழ்வாரத்தில், தூங்குவன போல நிற்கும் சில பிணங்களினிடையே ஒருவன் ஓசைபடாது அடிவைத்துச் செல்வதைக் காண்கின்றோம். விரைவின் உச்சியை எட்டிய படமும் முடிவில் மந்தத்தையே அடைக்கலம் புகுந்தது.

இன்னொன்றும் உண்டு. நொடியிற் பற்றிக் கொல்லும் நோய் நெடுந்தொலைவு செல்லாது. நோயுற்றான் வண்டியேறு முன்னரே வெளிப்பட்டுவிடுவான். மறைந்திருந்து மெல்ல முதிரும் நோயே நாடு கடந்து பரவும். 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது பள்ளிச் சிறாராயிருந்த நாம் இதனை நேரிற் கண்டோம். ஆங்கு எவரும் எவரையும் துரத்தினாரில்லை. தெருக்கள் வெறிச்சிட்டிருந்தன. யாரிடம் நோய் உளது என்று அறியவொண்ணாத அந்நாளில், அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டியபோது திறந்தோரும் இருந்தனர், திறவாதோரும் இருந்தனர். நடைப்பிணப் படங்கள் வினவும் வினா வெறுங்கற்பனை அன்று என்பதை நம் தலைமுறை அறியும்.

முடிபாக யாம் கூறுவது இது. ஓடும் நடைப்பிணம் உடலை அச்சுறுத்துவது. அவ்வச்சம் விளக்கு எரிந்தவுடன் அகல்வது. மெல்ல வரும் நடைப்பிணம் உள்ளத்தை அச்சுறுத்துவது. அவ்வச்சம் நம்மோடு வீடுவரை வருவது. என்னை? முன்னது நம்மிடம் யாதும் கேட்பதில்லை. பின்னது, இதோ பொழுது தந்தேன், இதனைக்கொண்டு நீ யாது செய்தாய் என்று கேட்கின்றது. ஆதலின் மெல்ல வருவதே மிக அஞ்சத்தக்கது என்பது எம் துணிபு. ஆயினும் அம்மந்தத்தைப் பழக்கம் பற்றி வெறுமனே ஆள்வோர் கையில் அது நகைப்பிற்கே இடமாகும் என்பதையும் மறத்தல் கூடாது. 2025-ஆம் ஆண்டில் டேனி பாயில் மீண்டும் இயக்கிய ‘28 இயர்ஸ் லேட்டர்’ படத்தில், நிலத்திற் றவழ்ந்து ஊரும் நோயாளரையும் விரைந்தோடும் நோயாளரையும் ஒருங்கே காட்டியுள்ளார். விரைவை மரபாக்கியவரே மந்தத்திற்கும் இடமளித்தமை கருதத்தக்கது.

‘ஷான் ஆஃப் தி டெட்’ படத்தில் ஒரு காட்சி. காலையில் தூக்கக் கலக்கத்தோடு கடைக்குச் செல்லும் ஷான், தெருவெல்லாம் பிணங்கள் தள்ளாடித் திரிவதைக் கண்டும் காணாது சென்று மீள்கின்றான். நேற்று வரை அத்தெருவில் மக்கள் நடந்த நடைக்கும் இன்று பிணங்கள் நடக்கும் நடைக்கும் அவன் கண்ணுக்கு வேறுபாடு தோன்றவில்லை. அக்காட்சியைக் கண்டு நாம் நகைக்கின்றோம். நம் முன்னோர் நடைப்பிணம் என்ற சொல்லை மாண்டார்க்கு வழங்கவில்லை, உயிரோடு இருப்பார்க்கே வழங்கினர் என்பதனை அந்நகைப்பின் நடுவே ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.